பழைய செரோக்கியின் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்குப் பாகங்கள் தேடுதல்

வாசகர் கேள்வி – 10 பிப்ரவரி 2024

அரிசோனாவின் டூசான் நகரில் வசிக்கிறேன். என்னிடம் 1996-ஆம் ஆண்டு ஜீப் செரோக்கி உள்ளது. 4.0 லிட்டர் எஞ்சின், ஆட்டோமேட்டிக், நான்கு சக்கர இயக்கம், இதுவரை 1,94,000 மைல். காலையில் நன்றாக ஓடுகிறது. ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு சிக்னலில் நின்று கிளம்பும்போது திணறுகிறது. மூன்றாம் கியரில் போட்டுக் கிளப்புவது போல இருக்கிறது. அப்போது லிவரை 1-2 என்ற இடத்துக்கு இறக்கினால் ஓரளவு ஒழுங்காகக் கிளம்புகிறது. அரை மணி நேரம் நிறுத்தி வைத்தால் சரியாகிவிடுகிறது. பழுதுபார்க்கும் கடை ஒன்றில் பெட்டியையே மாற்ற வேண்டும் என்று சொல்லி 3,900 டாலர் கேட்கிறார்கள். வண்டியை விற்றாலே அவ்வளவுதான் கிடைக்கும். நானே பாகங்கள் வாங்கிப் புதுப்பிக்க நினைக்கிறேன். சொலினாய்டு, ஃபில்டர், சீல், கிளட்ச் செட் இவற்றை எங்கே வாங்கலாம்? அல்லது காயலான் கடையிலிருந்து முழுப் பெட்டியை எடுத்து மாட்டுவது மேலா?

பதில் – 10 பிப்ரவரி 2024, இரவு

கிளட்ச் செட்டை இப்போது வாங்காதீர்கள். முழுப் பெட்டியையும் தேடாதீர்கள். சோதனைக்கு முன் வாங்கும் எந்தப் பாகமும் ஊகத்துக்குக் கொடுக்கும் விலைதான். நான் ஃபீனிக்ஸில் 1998-ஆம் ஆண்டுச் செரோக்கியைப் பதின்மூன்று ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். அது 2,31,000 மைல் ஓடியிருக்கிறது. அதன் பெட்டியை இதுவரை யாரும் பிரித்ததில்லை. ஆனால் அதைச் சுற்றியுள்ள சில்லறைப் பாகங்கள் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஒரு முறையாவது மாற்றியிருக்கிறேன்.

முதலில் உங்கள் பெட்டி எது என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் கடைகளில் நடக்கும் தவறுகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. 4.0 லிட்டர் எஞ்சினோடு 1987 முதல் 2001 வரை செரோக்கியில் வந்த ஆட்டோமேட்டிக் பெட்டியின் பெயர் ஏடபிள்யூ-4. வண்டியை ஜீப் செய்தாலும் பெட்டியைச் செய்தது ஜப்பானின் ஐசின்-வார்னர். 1969-இல் ஐசின் செய்கி நிறுவனமும் போர்க்வார்னரும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அது. டொயோட்டா வண்டிகளில் ஏ-340 என்ற பெயரில் ஓடும் பெட்டியின் உடன்பிறப்பு இது. ஆகவே "கிறைஸ்லர் பெட்டிக்கான பாகம்" என்று கேட்டால் கடைக்காரர் வேறு எதையாவது எடுத்துக் கொடுப்பார். ஏடபிள்யூ-4 என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

இப்போது சோதனை. வண்டி சூடாகி, திணறத் தொடங்கியவுடன் ஓரமாக நிறுத்துங்கள். டாஷ்போர்டின் அடியில் உள்ள கியர் கட்டுப்பாட்டுக் கணினியின் கனெக்டரைக் கழற்றிவிடுங்கள். இந்தப் பெட்டி அதற்குப் பிறகும் ஓடும், கியரை மட்டும் நீங்களே கையால் மாற்ற வேண்டும். லிவர் 1-2 இல் இருந்தால் முதல் கியர், 3 இல் இருந்தால் மூன்றாம் கியர், டி-யில் இருந்தால் நான்காம் கியர். போக்குவரத்து இல்லாத தெருவில் 1-2 இல் கிளம்பி, வேகம் பிடித்ததும் 3, பிறகு டி என்று மாற்றிப் பாருங்கள். மூன்றும் அழுத்தமாகப் பிடித்து, ரிவர்சும் தாமதமின்றி விழுந்தால், உள்ளே கிளட்சும் பம்பும் நலமாக உள்ளன என்று பொருள்; கோளாறு மின்பக்கத்தில் இருக்கிறது. மின்பக்கத்துப் பாகம் எதுவானாலும் அந்த 3,900 டாலரில் ஒரு சிறு பங்குக்குள் முடிந்துவிடும்.

சோதனையைச் சூடான நிலையில்தான் செய்ய வேண்டும். காலையில் செய்தால் எல்லாம் சரியாகவே இருக்கும், ஒன்றும் தெரியவராது.

11 பிப்ரவரி 2024

நேற்று எழுதியதில் ஒரு குறை. கனெக்டரைக் கழற்றி ஓட்டும்போது இரண்டாம் கியர் எந்த இடத்திலும் வராது. இரண்டாம் கியருக்கு, எண்ணெய் வழியை மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வுகளான சொலினாய்டுகளில், கியர் மாற்றும் இரண்டும் ஒருசேர மின்சாரம் பெற வேண்டும், கழற்றிய நிலையில் அது நடக்காது. ஆகவே "கிளட்சு எல்லாம் நலம்" என்று நான் எழுதியது கொஞ்சம் அதிகம். முதல், மூன்றாம், நான்காம், ரிவர்ஸ் என்ற நான்கும் நலமா என்பதையே அந்தச் சோதனை சொல்லும். இரண்டாம் கியருக்கு உரிய பிடியைக் கனெக்டர் மாட்டிய நிலையில் தனியாகப் பார்க்க வேண்டும். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும் நொடியில் எஞ்சின் சத்தம் திடீரென மேலே எகிறுகிறதா என்று கவனியுங்கள்.

14 பிப்ரவரி 2024

சொலினாய்டைப் பற்றி என் சொந்த அனுபவம். இந்தப் பெட்டியில் மூன்று சொலினாய்டுகள் உள்ளன. முதல் இரண்டும் கியர் மாற்றுபவை. மூன்றாவது, எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியே பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரைப் பூட்டுவது: நெடுஞ்சாலை வேகத்தில் எஞ்சினும் பெட்டியும் வழுக்கல் இல்லாமல் ஒன்றாகச் சுழல வழி செய்வது. அது பூட்டாவிட்டால் கன்வெர்ட்டர் தொடர்ந்து எண்ணெயைக் கடைந்துகொண்டே இருக்கும். கடைந்த எண்ணெய் கொதிக்கும்.

2021 கோடையில் ஃபிளாக்ஸ்டாஃப் போய்க்கொண்டிருந்தோம். ஃபீனிக்ஸ் ஏறக்குறைய 330 மீட்டர் உயரத்தில் உள்ளது, ஃபிளாக்ஸ்டாஃப் 2,100 மீட்டரில். இடையில் பிளாக் கேன்யன் சிட்டியைத் தாண்டியதும் சன்செட் பாயிண்ட் வரை நெடுஞ்சாலை 17 நெட்டுக்கு ஏறும். அந்த ஏற்றத்தில் வண்டிக்குள் கருகிய வாடை வந்தது. மேலே நிறுத்தி டிப்ஸ்டிக்கை இழுத்தால், செக்கச்செவேல் என்று இருக்க வேண்டிய எண்ணெய் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. திரும்பி வந்ததும் மூன்றாம் சொலினாய்டை ஆன்லைனில் வாங்கி மாற்றினேன். அதன்பின் பூட்டு ஒழுங்காக விழுந்தது.

வாங்கும்போது நான் கற்றது இது. மூன்றும் சேர்ந்த செட்டுகள் மிக மலிவாகவும் கிடைக்கின்றன, அதே செட் நான்கு மடங்கு விலையிலும் கிடைக்கிறது. மலிவான செட்டில் ஒன்று வந்தவுடனேயே என் மல்டிமீட்டரில் 20 ஓமுக்கு மேல் காட்டியது. இருக்க வேண்டியது 11 முதல் 15 ஓம் வரை. திருப்பி அனுப்பிவிட்டு, ஐசின் முத்திரை உள்ளதை வாங்கினேன். யாரிடம் வாங்கினாலும் பெட்டியைத் திறந்தவுடன், வண்டியில் மாட்டும் முன், அளந்து பாருங்கள். டொயோட்டா ஏ-340 சொலினாய்டு அப்படியே பொருந்தும் என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். உடன்பிறப்புப் பெட்டி என்பது உண்மைதான் என்றாலும், பழையதைக் கையில் வைத்துக்கொண்டு வடிவம், கனெக்டர், ஓம் என மூன்றையும் ஒப்பிடாமல் அந்த வார்த்தையை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

17 பிப்ரவரி 2024

கேள்வி கேட்டவர் சோதனை செய்துவிட்டார். சூடான நிலையில் கனெக்டரைக் கழற்றி ஓட்டியபோது மூன்று கியரும் ரிவர்சும் பழுதில்லாமல் பிடித்தன என்று எழுதியிருக்கிறார். மகிழ்ச்சி. பெட்டியை மாற்றச் சொன்ன கடையில் இந்தச் சோதனையைச் செய்யவில்லை. பத்து நிமிட வேலை இது, ஒரு குடும்பத்தின் இரண்டு மாத வாடகை இதில் அடங்கியிருக்கிறது. இதை எழுதும்போதும் எனக்கு மனம் ஆறவில்லை.

இனி சந்தேகப் பட்டியலில் நான்கு பெயர்கள்: சொலினாய்டுகள், அவற்றுக்குச் செல்லும் வயர், நியூட்ரல் சேஃப்டி சுவிட்ச், கணினி. என் ஊகம் நியூட்ரல் சேஃப்டி சுவிட்ச். லிவர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கணினிக்குச் சொல்வது அதுதான். பயணி பக்கத்தில், பெட்டியின் வெளியே, தண்ணீரும் சேறும் நேராக அடிக்கும் இடத்தில் அதை வைத்திருக்கிறார்கள். மணல் ஓடைகளில் ஓட்டுகிற வண்டியில் அது இத்தனை ஆண்டு நீடிப்பதே பெரிது.

18 பிப்ரவரி 2024

பெட்டிக்கு எந்த எண்ணெய் ஊற்றுவது என்று கேட்டவருக்கு.

செரோக்கியின் கையேடு இந்தப் பெட்டிக்குச் சொல்வது டெக்ஸ்ரான், மெர்க்கான் வகை எண்ணெய். கிறைஸ்லர் வண்டி என்பதால் கவுண்டரில் ஏடிஎஃப் பிளஸ் 4 என்ற எண்ணெயை எடுத்துக் கொடுப்பார்கள். அது கிறைஸ்லரே வடிவமைத்த பெட்டிகளுக்கு உரியது. இதில் ஊற்றக் கூடாது. டெக்ஸ்ரான் 3-க்கு உரிமம் வழங்குவதை ஜெனரல் மோட்டார்ஸ் 2006-ஆம் ஆண்டோடு நிறுத்திவிட்டது. ஆகவே இன்று கடையில் "டெக்ஸ்ரான் 3, மெர்க்கான் தேவைப்படும் பெட்டிகளுக்கு" என்று எழுதி விற்பதெல்லாம் உரிமமில்லாத, ஆனால் அந்தத் தரத்தை ஒட்டிச் செய்த எண்ணெய். பெயர் தெரிந்த நிறுவனத்தின் எண்ணெயாகப் பார்த்து வாங்குங்கள். எத்தனை முறை மாற்றினாலும் அதையே தொடருங்கள்.

அடியில் வடிகால் திருகு இருக்கிறது. திறந்தால் ஏறக்குறைய நான்கு குவார்ட் (ஒரு குவார்ட் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு) வடியும். மொத்தக் கொள்ளளவில் அது பாதிதான், மீதி கன்வெர்ட்டருக்குள்ளும் குழாய்களிலும் தங்கிவிடும். ஆகவே வடித்து, ஊற்றி, ஒரு வாரம் ஓட்டி, மறுபடி வடியுங்கள். ஒவ்வொரு முறையும் பழையதில் பாதி போனால், மூன்றாம் முறைக்குப் பின் பழைய எண்ணெய் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். பன்னிரண்டு குவார்ட் வாங்கினால் போதும். அளவைப் பார்க்கும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், எண்ணெய் சூடாக இருக்க வேண்டும், லிவரை எல்லா இடங்களுக்கும் ஒருமுறை கொண்டுபோய்விட்டுப் பார்க்கில் நிறுத்தியிருக்க வேண்டும்.

வடிந்த எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள். பழுப்பு என்றால் சூடு கண்டது. ரோஸ் மில்க் நிறத்தில் கலங்கியிருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. அப்படியானால் இந்த இழையில் சொல்லும் எதுவும் உதவாது, ஏனென்றால் தண்ணீர் கிளட்ச் தட்டுகளின் பசையையே இளக்கிவிடும்.

25 பிப்ரவரி 2024

நேற்றுக் காலை முழுவதும் ஜங்க்யார்டில் இருந்தேன். நாமே ஸ்பானர் எடுத்துப்போய்க் கழற்றிக்கொள்ளும் வகை. அரிசோனாவில் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு உள்ள பெரிய வசதி, இங்கே இரும்பு துருப்பிடிப்பதில்லை. மிச்சிகனிலும் ஒஹையோவிலும் இருப்பவர்கள் இதே வேலைக்கு ஒவ்வொரு போல்ட்டோடும் போராட வேண்டியிருக்கும். ஆனால் வெயில் வேறொன்றைக் கொல்கிறது: பிளாஸ்டிக், ரப்பர், வயரின் மேலுறை. கனெக்டரின் பூட்டை அழுத்தினால் பிஸ்கட் போல நொறுங்கும். அதனால் மேலே மூடி திறந்து கிடக்கும் வண்டிகளை விட்டுவிட்டு, எஞ்சின் மூடி சாத்தியிருந்த வண்டிகளையே தேடினேன்.

மொத்தம் மூன்று செரோக்கிகள். 1990-ஆம் ஆண்டு வண்டி ஒன்று, அதைத் தொடவில்லை. 1990 வரை வந்த எஞ்சின் மின்னமைப்பே வேறு. 2000-ஆம் ஆண்டு வண்டியில் ஏற்கெனவே யாரோ எல்லாவற்றையும் உருவிவிட்டார்கள். மூன்றாவது வண்டியில் நியூட்ரல் சேஃப்டி சுவிட்ச் இருந்தது.

கழற்றும் விதத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பலர் உடைக்கிறார்கள். சுவிட்சின் நடுவே லிவர் தண்டு ஊடுருவிச் செல்கிறது. அதன்மேல் ஒரு நட்டு, நட்டின் அடியில் காது மடக்கிய வாஷர். முதலில் அந்தக் காதைத் தட்டையான ஸ்க்ரூ டிரைவரால் நிமிர்த்த வேண்டும், பிறகு நட்டு, பிறகு பக்கத்தில் உள்ள ஒற்றை போல்ட். இத்தனையும் வந்த பிறகும் சுவிட்ச் தண்டைவிட்டு வராது. நெம்பினால் உறை இரண்டாகப் பிளந்துவிடும். துரு இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டு, அரை மணி நேரம் வேறு வேலை பார்த்துவிட்டு வந்து, இரண்டு கையாலும் இடமும் வலமும் சிறிது சிறிதாகத் திருகித் திருகி வெளியே இழுத்தேன். வந்தது.

வீட்டில் பிரித்துப் பார்த்தேன். உள்ளே இருந்த கிரீஸ் காய்ந்து கறுப்பு மெழுகாகியிருந்தது. அதைச் சுரண்டியதும் செப்புத் தடங்கள் தெரிந்தன. நான்கில் மூன்று பளபளப்பாக, ஒன்று மட்டும் பச்சைக் களிம்பேறி. நகரும் தொடுமுனையின் சிறு சுருள்வில்லைத் தரையில் தவறவிடாமல் தட்டு ஒன்றில் வைத்து, தடங்களை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, மின்தொடுமுனைத் திரவத்தால் கழுவி, புது டைஎலெக்ட்ரிக் கிரீஸ் தடவி மூடினேன். மல்டிமீட்டரில் லிவரின் எல்லா இடங்களுக்கும் தொடர்பு வந்தது. நுழைவுக் கட்டணம் உட்பட 22 டாலர். புதியது வாங்கினால் இதைப்போல் பல மடங்கு ஆகும்.

இந்தச் சுவிட்சை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். கேள்வி கேட்டவருக்குத் தேவையானால் அனுப்புகிறேன், விலை வேண்டாம்.

2 மார்ச் 2024

பிப்ரவரி 14 அன்று எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது. அதைப் படித்துவிட்டு யாராவது மூன்றாம் சொலினாய்டு வாங்கியிருந்தால் என்னை மன்னிக்க வேண்டும்.

இன்று காலை அதே நெடுஞ்சாலை 17, அதே ஏற்றம். கன்வெர்ட்டர் மறுபடி பூட்டவில்லை. இதை உறுதி செய்வது எளிது: மணிக்கு 60 மைல் வேகத்தில் சமமான சாலையில் போகும்போது, இடக்காலால் பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் அழுத்துங்கள். பூட்டியிருந்தால், தொட்ட நொடியில் பூட்டு விடுபட்டு எஞ்சின் சுற்று 200, 300 கூடும். என் வண்டியில் முள் அசையவேயில்லை. ஏற்கெனவே விடுபட்டுத்தான் இருந்தது.

ஐசின் சொலினாய்டு மூன்றாண்டுக்குள் போய்விட்டதா என்ற கவலையோடு வீட்டுக்கு வந்து டாஷ்போர்டின் அடியில் படுத்து அளந்தால் 13 ஓம், சூட்டிலும் 14. பிறகுதான் உறைத்தது, சில வாரங்களாகக் குரூஸ் கண்ட்ரோலும் வேலை செய்யவில்லை. பூட்டு, குரூஸ் இரண்டையும் ஒரே அடியில் நிறுத்தக்கூடியது பிரேக் பெடலின் மேலுள்ள சுவிட்ச். பின்விளக்குக்கு ஒரு தொடுமுனை, இவற்றுக்கு வேறு தொடுமுனை என்பதால் விளக்கைப் பார்த்துச் சுவிட்ச் நலம் என்று நினைத்துவிடுகிறோம். பெடல் முழுதாக மேலே வந்த பிறகும் சுவிட்சின் முளை முழுதாக அழுந்தவில்லை. கால் பிரேக்கில் இருப்பதாகக் கணினி நம்பிக்கொண்டிருந்தது. சுவிட்சைச் சரியான நிலையில் வைத்தேன். பூட்டு வந்தது, குரூசும் வந்தது.

அப்படியானால் 2021-இல் சொலினாய்டை மாற்றியதும் சரியானது எப்படி? கழற்றிய பழைய சொலினாய்டு இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. எடுத்து அளந்தேன், 13 ஓம். 12 வோல்ட் கொடுத்தேன், டக்கென்று சத்தம் போட்டது. ஹேர் டிரையரால் சூடேற்றியும் பார்த்தேன், மாற்றமில்லை. நல்ல பாகத்தைக் கழற்றி எறிந்திருக்கிறேன். அன்றும் கணினியின் கனெக்டரை எடுக்க டாஷ்போர்டின் அடியில் படுத்துத் தோளால் பெடலை இடித்தது நினைவிருக்கிறது. அப்போது சுவிட்ச் இடம் மாறித் தற்காலிகமாகச் சரியாகியிருக்க வேண்டும். ஒரு பாகத்தை மாற்றியதும் கோளாறு போய்விட்டால் அந்தப் பாகத்தையே குற்றவாளி என்று நம்பிவிடுகிறோம். கழற்றிய பாகத்தை அன்றே அளந்திருந்தால் இந்த மூன்றாண்டுத் தவறு நேர்ந்திருக்காது.

3 மார்ச் 2024

பெட்டியின் கீழே எண்ணெய் தங்கும் அடித்தட்டுக்கு கேஸ்கெட் வாங்க வேண்டுமா என்ற கேள்விக்கு: தொழிற்சாலையிலிருந்து வரும்போது இதற்கு கேஸ்கெட் கிடையாது, ஆர்டிவி என்ற சிலிக்கோன் பசைதான். செட்டோடு வந்த கார்க் கேஸ்கெட்டை நான் ஒருமுறை மாட்டி, போல்ட்டுகளை இறுக்க இறுக்க அது பிதுங்கி, இரண்டே வாரத்தில் ஒழுகியது. இரண்டு முகங்களையும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, உடையாத ஒரே கோடாகப் பசை இட்டு, போல்ட்டுகளை 7 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகாமல் இறுக்குங்கள். அது மிகச் சிறிய விசை. கையளவு ஸ்பானரை விரல்களால் திருப்பும் இறுக்கம்தான். ஃபில்டர் உலோக வலை. கிழியாமல் இருந்தால் கழுவி மாட்டலாம், புதிதுக்குச் செலவு அவசியமில்லை.

தட்டின் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருக்கும். விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். கண் மை போல வழுவழுவென்று இருந்தால் வயதுக்குரிய தேய்மானம். நறநறவென்று துகள் தட்டுப்பட்டால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது.

16 மார்ச் 2024

டெக்சாஸிலிருந்து ஒருவர் தம் 1991-ஆம் ஆண்டு வண்டிக்கு முழுப் பெட்டியே வேண்டும் என்கிறார். அவருக்கு ரிவர்ஸ் அறவே விழவில்லை, காந்தத்தில் உலோகத் துண்டுகள். அவருடைய நிலையில் நானும் பெட்டியைத்தான் தேடுவேன்.

1991 தொல்லையான ஆண்டு. பெட்டியின் பின்தண்டில் பழைய வகைக்கு 21 பல், புதிய வகைக்கு 23 பல். மாற்றம் 1991 மாடலின் நடுவில் நிகழ்ந்ததால் அந்த ஆண்டு வண்டிகளில் இரண்டும் உண்டு. தண்டு போய்ச் சேரும், முன் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்து அனுப்பும் ட்ரான்ஸ்ஃபர் கேசின் உள்வாயும் அதே எண்ணிக்கையில் இருக்க வேண்டும். ஆகவே ஆண்டைச் சொல்லி வாங்க முடியாது. உங்கள் தண்டை எண்ணி, விற்பவருடைய தண்டையும் எண்ணச் சொல்லிப் படம் கேளுங்கள். எண்ண மறுப்பவரிடம் வாங்காதீர்கள். ட்ரான்ஸ்ஃபர் கேசோடு சேர்த்தே எடுக்க முடிந்தால் இந்தக் கவலை குறையும். செரோக்கியைத் தவிர, அதே காலத்துக் கோமஞ்சி பிக்கப்பிலும், 4.0 எஞ்சினோடு வந்த தொடக்ககால 1993 கிராண்ட் செரோக்கியிலும் இதே பெட்டி உண்டு.

நீங்களே ஜங்க்யார்டில் இறக்குவதாக இருந்தால், எஞ்சினோடு பெட்டியைப் பிணைக்கும் போல்ட்டுகளில் மேலே உள்ள இரண்டுக்குச் சாதாரண சாக்கெட் பொருந்தாது. அவற்றின் தலை நட்சத்திர வடிவில் வெளிப்புறம் வெட்டப்பட்டது, ஈ-12 என்ற சாக்கெட் தேவை. பெட்டியின் பின்முனையைச் சற்றே தாழ்த்தி, நீட்டிப்புத் தண்டுகளை ஒன்றோடொன்று கோத்து ஒரு மீட்டர் நீளமாக்கி, பின்னாலிருந்து பெட்டியின் முதுகு வழியே எட்ட வேண்டும். இந்தச் சாக்கெட் இல்லாமல் போனவர்கள் மற்ற போல்ட்டுகளை எல்லாம் கழற்றிவிட்டு இந்த இரண்டோடு விட்டுவிட்டுப் போன வண்டிகளை நானே கண்டிருக்கிறேன். கழற்றும் முன், எஞ்சின் சுழற்சியைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரை எடுத்துவிடுங்கள். அது பெட்டி எஞ்சினோடு சேரும் மணிவடிவ உறையில் பொருத்தப்பட்டது, மறந்தால் நசுங்கும்.

வாங்கும் பெட்டியின் டிப்ஸ்டிக் குழாயில் மூக்கை வைத்துப் பாருங்கள். கருகிய வாடை வந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

17 மார்ச் 2024

முன்சீல் பற்றி, நேற்று விடுபட்டது. முழுப் பெட்டி கீழே இறங்கிய பிறகு மாட்டும் முன் பம்பின் முன்சீல், லிவர் தண்டின் சீல்கள், எஞ்சினின் பின்சீல் இவற்றை மாற்றாமல் மேலே ஏற்றாதீர்கள். சில டாலர் ரப்பருக்காக இரண்டாம் முறை இறக்க நேரிடும். கீழே சொட்டுவது எதன் எண்ணெய் என்ற குழப்பம் இருந்தால் வெள்ளை அட்டை ஒன்றை இரவில் அடியில் வையுங்கள்; சிவப்பு பெட்டியிலிருந்து, பழுப்போ கறுப்போ எஞ்சினிலிருந்து.

24 மார்ச் 2024

எண்ணெயைக் குளிர்விக்கும் கூலர் பற்றி. இந்தப் பெட்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது சூடு என்பது என் உறுதியான கருத்து. 2023 ஜூன் கடைசி நாளில் தொடங்கி ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாட்கள் பகலின் உச்ச வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையவில்லை. அந்த மாதத்தில் மணல் ஓடையில் லோ ரேஞ்சில் (நான்கு சக்கர இயக்கத்தின் குறைவேக நிலையில்) ஊர்ந்தால் கன்வெர்ட்டர் நொடிகூட ஓயாமல் வழுக்கிக்கொண்டிருக்கும், எதிர்க்காற்றும் கிடையாது.

ரேடியேட்டருக்குள்ளேயே ஒரு சிறு கூலர் உள்ளது. அதைக் கழித்துவிடாமல், அதிலிருந்து திரும்பி வரும் குழாயில் தட்டு அடுக்கு வகைக் கூலர் ஒன்றைச் சேர்த்து, ஏசி கண்டென்சருக்கு முன்னால் கட்டினேன். கட்டும்போது பிளாஸ்டிக் ஊசிகளைக் கண்டென்சருக்குள் குத்திக் கட்டும் முறை வேண்டாம். சாலை அதிர்வில் அது கண்டென்சரின் தகடுகளை அறுத்துவிடும், இரும்புப் பட்டை வளைத்துப் போல்ட் போடுங்கள். ஹோஸ் வாங்கும்போது ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் பெட்டி எண்ணெய்க்கென்று எழுதியிருப்பதையே வாங்க வேண்டும். பெட்ரோல் ஹோசைப் போட்டால் சூட்டில் கெட்டித்து வெடிக்கும். ரேடியேட்டரோடு சேரும் விரைவுப் பொருத்திகளின் ஓ-ரிங்குகள் இந்த வயதில் கல்லாகியிருக்கும். அவற்றையும் பட்டியலில் சேருங்கள்.

ரேடியேட்டருக்குள் உள்ள கூலர் ஓட்டையானாலும் ரோஸ் மில்க் நிறம் வரும், இதை முன்பு சொல்ல மறந்தேன். இருபது ஆண்டு கடந்த ரேடியேட்டரை வைத்துக்கொண்டு பெட்டிக்கு மட்டும் செலவு செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

6 ஏப்ரல் 2024

த்ராட்டில் கேபிளை விட்டுவிட்டோமே என்று ஒருவர் நினைவூட்டியது சரி. த்ராட்டிலிலிருந்து பெட்டிக்குச் செல்லும் அந்த வயர்தான் உள்ளே எண்ணெய் அழுத்தத்தை நிர்ணயிக்கிறது. தளர்ந்திருந்தால் கியர்கள் வழவழவென்று இனிமையாக மாறும். ஆனால் அழுத்தம் போதாமல் கிளட்ச் தேயும். எஞ்சினை நிறுத்திவிட்டு, பொத்தானை அழுத்திக்கொண்டு வயரின் உறையை முழுதாக உள்ளே தள்ளி, பொத்தானை விட்டு, கையால் த்ராட்டிலை முழுதாகத் திறந்தால் அதுவே கிளிக், கிளிக் என்று தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இதற்குப் பாகமே வேண்டாம்.

21 ஏப்ரல் 2024

டூசான் நண்பரிடமிருந்து முடிவு வந்தது. நான் அனுப்பிய சுவிட்சை மாட்டினார்; கோளாறு அப்படியே இருந்தது. பிறகு, நேற்று ஒரு மணி நேரம் ஓட்டித் திணறத் தொடங்கியவுடன் நிறுத்தி, கணினியின் கனெக்டரில் மூன்று சொலினாய்டுகளையும் அளந்திருக்கிறார். இரண்டாவது 14 ஓம், மூன்றாவது 14 ஓம். முதலாவதில் மீட்டர் எதையும் காட்டவில்லை, சுருள் உள்ளே அறுந்த நிலை. அரை மணி நேரம் ஆறவிட்டு மறுபடி அளந்தால் 13 ஓம். சூட்டில் சுருளின் ஏதோ ஓர் இழை விலகுகிறது, ஆறினால் தொட்டுக்கொள்கிறது.

என் சுவிட்ச் ஊகம் தவறு. அதைவிட என்னை உறுத்துவது வேறு: விடை அவருடைய முதல் கேள்வியிலேயே இருந்தது. டி-யில் முதல் கியருக்கு முதல் சொலினாய்டு மின்சாரம் பெற்றிருக்க வேண்டும், இரண்டாவது பெறக் கூடாது. முதலாவது செத்தால் இரண்டும் அணைந்த நிலையாகிறது. அது டி-யில் நான்காம் கியர். அதனால்தான் திணறல். ஆனால் லிவர் 1-2 இல் இருக்கும்போது இரண்டும் அணைந்திருந்தாலும் முதல் கியரே கிடைக்கும். "1-2 என்ற இடத்துக்கு இறக்கினால் ஒழுங்காகக் கிளம்புகிறது" என்று அவர் எழுதியது இதைத்தான். பிப்ரவரி 10 அன்றே நான் அந்த வரியை நின்று படித்திருந்தால் அவருக்குப் பத்து வாரம் மிஞ்சியிருக்கும்.

முதல் சொலினாய்டை மட்டும் வாங்குகிறார். மற்ற இரண்டும் சூட்டிலும் சரியான ஓம் காட்டும்போது அவற்றை மாற்றத் தேவையில்லை என்பதே என் கருத்து. தட்டை எப்படியும் இறக்கப் போவதால் எண்ணெய், ஆர்டிவி, வயர் ஹார்னஸ் வெளிவரும் இடத்தின் ஓ-ரிங் ஆகியவற்றையும் சேர்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

28 ஏப்ரல் 2024

மாட்டிவிட்டார். நேற்று டூசானிலிருந்து மவுண்ட் லெம்மன் உச்சிவரை ஏறி இறங்கி, அடிவாரச் சிக்னலில் நின்று, டி-யிலேயே கிளம்பியிருக்கிறார். இழுத்தது. கழற்றிய சொலினாய்டை அளந்து, ஓமையும் தேதியையும் ஒரு தாளில் எழுதி அதோடு சுற்றி வைத்திருக்கிறார். என் சுவிட்ச் வண்டியிலேயே இருக்கட்டும். அவருடைய பழையதை எனக்கு அனுப்புகிறார், பிரித்துக் களிம்பைத் தேய்த்து அடுத்து கேட்பவருக்காக வைத்திருப்பேன்.